நான் திறந்து வைத்த கண்கள்

"எழுத்து நீ சொன்னபடி கேக்கும்ட்டி. மனுச மூஞ்சி கேக்குமா?"

அத்தை இப்படிக் கேட்டபோது நான் போட்டோ ஸ்டூடியோவில் வேலைக்குச் சேர்ந்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. அத்தை அப்பாவின் அக்காள்; எங்களோடுதான் இருந்தாள். அவளும் அம்மாவுமாக மண்டியிலிருந்து மிளகாய் வற்றல் மூட்டை வாங்கிவந்து காம்பு கிள்ளிக் கொடுப்பார்கள். அதே மண்டியில் அப்பா மூட்டை தூக்கினார். குருவிகுளத்துப் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் கரிசல் நிலம் இருந்தது. மூன்று வருஷம் தொடர்ந்து மழை இல்லை. வீட்டைப் போல நிலத்தைப் பூட்டிவிட்டு வர முடியாது. திறந்தபடியே போட்டுவிட்டுச் சங்கரன்கோவிலுக்கு வந்து சேர்ந்தோம்.

எங்கள் குடும்பத்தில் கைநாட்டு வைக்காமல் கையெழுத்துப் போட்ட முதல் ஆள் நான். எஸ்.எஸ்.எல்.சி. வரை படித்தேன். அந்தப் பெருமை எனக்கு நிறையவே இருந்தது, இப்போதும் இருக்கிறது. அதை மறைத்துவிட்டு எழுதினால் இந்த வருஷத்தில் நடந்தது யாருக்கும் புரியாது.

வருஷம் முடிந்துவிட்டது. போன வாரம் ஸ்டூடியோவின் மேற்கு ஜன்னலோரம் உட்கார்ந்து, நான் எடுத்த கண்ணாடி பிளேட்டுகளை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தேன். முப்பத்தைந்து இருந்தன. ஒன்றில்கூட நடுவில் இருப்பவருக்கு மூச்சு இல்லை.

ஸ்டூடியோ அண்ணாச்சி என்னை வேலைக்குச் சேர்த்தது படம் எடுக்க அல்ல. படத்தின் கீழே பெயரும் தேதியும் எழுத ஓர் ஆள் வேண்டும். என் கையெழுத்து அச்சுப் போல இருக்கும். அதோடு டச்சிங் வேலை: நெகடிவில் முகத்துத் தழும்பைப் பென்சிலால் மறைப்பது, பிரிண்டில் மெல்லிய பிரஷ்ஷால் புருவத்தையும் சேலைக் கரையையும் எடுத்துக் காட்டுவது. பிளேட் கழுவத் தண்ணீர் சுமப்பதும் என் வேலையில் சேர்ந்தது. அந்தக் கோடையில் ஊர்க் கிணறுகளில் வாளி தரை தட்டியது. "குடிக்கத் தண்ணியில்லாத ஊர்ல எம்மவ கண்ணாடியக் குளிப்பாட்டுதா" என்று அம்மா தெருவில் சொல்லிச் சிரிப்பாள். சிரிப்பு இருமலில் போய் முடியும். அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மிளகாய்க் கமறலில் எங்கள் வீட்டில் எல்லோருமே இருமினோம். வாசலுக்கு வந்த தபால்காரர்கூட இருமினார்.

வைகாசியில் ஒரு நாள் அண்ணாச்சி என்னை ஓர் இழவு வீட்டுக்கு அழைத்துப் போனார். எங்கள் பக்கத்தில் உயிரோடு இருக்கும்போது படம் எடுத்துக்கொண்ட பெண்கள் மிகக் குறைவு. படம் எடுத்தால் ஆயுசு குறையும் என்பார்கள். செத்த பிறகு குறைய ஆயுசு இல்லை என்பதால் அப்போது ஸ்டூடியோவுக்கு ஆள் அனுப்புவார்கள். குளிப்பாட்டி, புதுச் சேலை சுற்றி, நாற்காலியில் உட்கார வைத்து, சரியாமல் இருக்க மார்புக்குக் கீழே ஒரு துணியால் கட்டி, அது தெரியாமல் மாலை போட்டு மறைத்து, சுற்றிலும் பிள்ளைகள் நிற்கப் படம் எடுப்பார்கள். பல வீடுகளில் நாற்காலி இருக்காது. அதற்கென்றே ஸ்டூடியோவின் பின்கட்டில் ஒரு கை வைத்த நாற்காலி தனியாகக் கிடந்தது. மாட்டு வண்டியில் கேமராவோடு அதுவும் போகும். ஊருக்கே அந்த நாற்காலியைத் தெரியும்.

அன்று அந்த வீட்டுப் பெண்கள், அயலான் கை படக்கூடாது என்று அண்ணாச்சியை வாசலோடு நிறுத்திவிட்டார்கள். சேலையை ஒதுக்கவும் தலையை நிமிர்த்தவும் என்னை உள்ளே அனுப்பினார்கள். நான் நிமிர்த்தினேன். கேமராவின் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுப் பார்த்துவிட்டு வந்தேன். பிறகு அண்ணாச்சி வாசலில் நின்றபடியே, "லென்ஸ் மூடியைக் கழத்து. பைய அஞ்சு எண்ணு. மாட்டு" என்றார். எண்ணினேன். அவ்வளவுதான் நான் தொழில் கற்றது.

அதன் பிறகு இழவு வீடெல்லாம் எனக்கு என்றாகிவிட்டது. அவருக்கும் அது வசதிதான். தீட்டோடு திரும்பினால் அவர் மனைவி தலை முழுகாமல் உள்ளே விடமாட்டாள். அந்த நேரத்தில் கல்யாண ஜோடி யாராவது வந்து காத்திருப்பார்கள். அதனால் வேலையைப் பிரித்துக்கொண்டோம். பிரித்தது அவர். உயிருள்ளவர்கள் அவருக்கு, செத்தவர்கள் எனக்கு. ஆடித்தபசுக்கு வந்த கூட்டம், வரைந்த மாளிகைத் திரைக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்ள வரிசையில் காத்திருந்தது. நான் பின்கட்டில் பிரிண்டுகளுக்கு ஓரம் வெட்டிக்கொண்டிருந்தேன். "ஒரே ஒருத்தரை நான் எடுக்கட்டுமா?" என்று கேட்டேன்.

"உன்னைக் கண்டாலே சனங்க 'யாருக்கு என்ன ஆச்சு'ன்னு கேக்காவ. நீ முன்னால வராத பிள்ளே" என்றார் அண்ணாச்சி. கேலியாகத்தான் சொன்னார். ஆனால் உண்மை அது. தேரடியில் பூக்கட்டுகிற பெண்கள் நான் போகும்போது பேச்சை நிறுத்துவார்கள்.

ஒன்று கவனித்தேன். என் பிளேட்டுகளில் செத்தவர்கள்தான் தெளிவாக விழுந்தார்கள். அவர்கள் அசைவதில்லை. ஐந்து எண்ணுவதற்குள் அழுகிறவர்களின் தோள் குலுங்கும், பிள்ளைகள் திரும்புவார்கள். அவர்களெல்லாம் புகை போலக் கலங்கி நிற்க, நடுவில் உட்கார்ந்திருப்பவளின் மூக்குத்தித் திருகுவரை எண்ணிவிடலாம்.

படம் கேட்பவர்கள் எல்லோரும் ஒரே வார்த்தையைத்தான் சொன்னார்கள். "கண்ணைத் திறந்து குடுத்திருங்க." செத்தவரின் மூடிய கண்ணோடு படத்தைச் சுவரில் மாட்ட யாரும் விரும்புவதில்லை. பிரிண்டில் இமைகளின் மேல் வெள்ளை பூசி, கருவிழி எழுதி, அதில் ஊசிமுனையளவு ஒரு வெளிச்சப் பொட்டு வைத்தால் அவள் பார்க்கத் தொடங்குவாள். இது எனக்குச் சீக்கிரமே கைவந்தது. அண்ணாச்சியைவிட நன்றாக எழுதினேன். மேலநீலிதநல்லூரில் ஒரு கிழவர், நான் எழுதிய கண்ணைப் பார்த்துவிட்டு, "ஏ, என்னைய மொறைக்கா பாரு" என்று தன் மனைவியின் படத்தைக் காட்டி அழுதுகொண்டே சிரித்தார். அன்று வீடு திரும்பியதும் அத்தையிடம், "மூஞ்சி கேக்குது" என்றேன்.

"செத்த மூஞ்சிதான?" என்றாள் அவள்.

ஐப்பசியில் ஒரு பெண் வந்தாள். குருவிகுளத்துக்குப் பக்கத்து ஊரில் ஆடு வளர்க்கிற குடும்பம். இரண்டு வாரத்துக்கு முன் அவள் அம்மாவை நான்தான் எடுத்திருந்தேன். அண்ணன்காரன் வந்து படத்தை வாங்கிப் போயிருந்தான். இவள் அதைத் துண்டில் சுற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடந்தே வந்திருந்தாள். என்னைவிட நாலைந்து வயது மூத்தவளாக இருக்கும். படத்தை மேசைமேல் வைத்துவிட்டு, "இது யாரு?" என்று கேட்டாள்.

"உங்க அம்மை."

"எங்க அம்மைக்கு சோத்தாங்கைப் பக்கத்துக் கண்ணு பூ விழுந்தது. சின்னப் பிள்ளையில சோளத்தட்டை குத்தினது. ஊருக்கே தெரியும். நீங்க ரெண்டு கண்ணையும் பளிச்சுன்னு திறந்து வச்சிருக்கிய."

அன்று அந்தக் கண்கள் மூடியிருந்தன. யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்றுகூட எனக்குத் தோன்றியதில்லை.

"உங்க அண்ணன் ஒண்ணும் சொல்லலியே" என்றேன்.

"அவனுக்கென்ன, அம்மை லட்சணமா இருக்கான்னு ஊர்பூரா காட்டுதான்." அவள் படத்தைத் தன் பக்கம் திருப்பினாள். "தலையையும் நேரா வச்சிருக்கிய. அவ ஒருநாளும் நேரா பாத்ததில்ல. நல்ல கண்ணு நம்ம பக்கம் வாரதுக்காகத் தலையை இப்படி ஒருச்சாய்ச்சுத்தான் பாப்பா." செய்து காட்டினாள். அந்த ஒரு கணத்தில், நான் பார்த்தேயிராத ஒரு மனுஷி அங்கே இருந்தாள்.

"குடுங்க, அந்தக் கண்ணுல பூவை எழுதித் தாரேன்" என்றேன்.

"அதுக்கு நீங்க எங்க அம்மையப் பாத்திருக்கணும்லா."

இதை அவள் கோபமாகச் சொல்லவில்லை. பழைய துண்டில் படத்தை மறுபடி சுற்றினாள். "வச்சிட்டுப் போனா அண்ணன் கேப்பான்" என்று சொல்லிவிட்டு வெயிலில் இறங்கிப் போனாள். போகும்போது, "நல்ல கண்ணுதான். யாரு கண்ணோ" என்றாள்.

அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போனேன். அம்மா முற்றத்தில் வற்றலைப் பரப்பிக்கொண்டிருந்தாள். காலடிச் சத்தம் கேட்டு நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். இடது இமை கொஞ்சம் கனத்து, வலது கண் சற்றே அகலமாக, தூங்கி எழுந்தது போல ஒரு பார்வை. எனக்கு யாருடைய கண் என்று தெரிந்துவிட்டது. மறுநாள் ஸ்டூடியோவில் மீதமிருந்த பிரிண்டுகளை எல்லாம் எடுத்துப் பார்த்தேன். எல்லாவற்றிலும் அதே கண்கள். முகம் தெரியாத பெண்களுக்குக் கண் எழுத உட்கார்ந்தபோதெல்லாம் என் கை தனக்குத் தெரிந்த ஒரே ஜோடியை எழுதியிருக்கிறது. ராஜபாளையம் ரோட்டு ஊர்களிலும் கரிசல் காட்டு ஊர்களிலும், முன்பின் அறியாத வீட்டுச் சுவர்களில், குங்குமம் வைத்து என் அம்மா பார்த்துக்கொண்டிருக்கிறாள். எங்கள் வீட்டில் மட்டும் அவளுக்குப் படம் இல்லை.

அம்மாவை உயிரோடு ஒரு படம் எடுத்துவிட வேண்டும் என்று அன்று முடிவு செய்தேன். வேறு எதையும் நான் அவ்வளவு ஆசைப்பட்டதில்லை, பரீட்சையில் தேறுவதைக்கூட.

அம்மா சம்மதிக்க ஒன்றரை மாதம் ஆயிற்று.

"அந்த நாக்காலிய வீட்டுக்குள்ள கொண்டாந்தா நான் வெளிய போயிருவேன்" என்றாள் முதலில்.

"நாக்காலி இல்லம்மா."

"பின்ன உரல்லயா உக்கார?"

"எங்க வேணும்னாலும் உக்காரு."

"உக்காந்தா செத்தவ மாதிரி இருக்கும். நிக்கேன். என்னத்துக்குட்டி இப்ப? உனக்கு என் மூஞ்சி மறந்தா போகும்?"

மறக்காதுதான், அதனால்தான் இந்த வினை என்று அவளிடம் சொல்லவில்லை. அவள் கண்களை நான் ஊரெல்லாம் கொடுத்த கதையைச் சொன்னால் பயந்துபோவாள்.

கடைசியில் மார்கழி முடிந்து வரும் வெள்ளிக்கிழமை என்று அவளே நாள் குறித்தாள். எண்ணெய் தேய்த்துக் குளிக்க வேண்டும், கல்யாணச் சேலையை ஒருநாள் வெயிலில் போட வேண்டும், பூ வாங்க வேண்டும். இதற்குள் அவள் இருமல் அதிகமாகியிருந்தது; ரவிக்கை தோளில் நிற்கவில்லை. கமறல் என்றே நினைத்தோம். அண்ணாச்சியிடம் கெஞ்சி, அந்த வெள்ளிக்கிழமைக்குக் கேமராவை இரவல் வாங்கி வந்தேன். பின்புற வேலிக்குப் பக்கத்தில், வேப்ப மரத்து நிழல் விழாத இடமாகப் பார்த்துக் கேமரா முக்காலியை நிறுத்தினேன். அம்மா குளித்துவிட்டு வந்து வெயிலுக்கு முதுகு காட்டி முடியை உலர்த்திக்கொண்டிருந்தாள். கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுப் பார்த்தேன். கேமராவின் பின்பக்கத்து மங்கல் கண்ணாடியில் அம்மா தலைகீழாக நின்று முடியைத் தட்டிக்கொண்டிருந்தாள். அசைந்தாள். என் கண்ணாடியில் நடுவில் நிற்கும் ஒருவர் அசைவதை அன்றுதான் பார்த்தேன்.

அப்போது தெருமுனையில் கார் வந்து நின்றது. எங்கள் தெருவுக்குக் கார் வந்தது அதுதான் முதல் தடவை. அண்ணாச்சி அதிலிருந்து இறங்கி ஓட்டமாக வந்தார்.

"ஏ பிள்ளே, கிளம்பு. ராயகிரியில பெரிய வீட்டு அம்மா தவறிட்டாவ. கார் அனுப்பியிருக்காவ பாரு."

"இன்னைக்கு எங்க அம்மைய எடுக்கேன்னு சொன்னேன்லா அண்ணாச்சி."

"நானா கேக்கேன்? உன்னையத்தான் கேட்டிருக்காவ. 'அந்தப் படிச்ச பொண்ணைக் கூட்டிட்டு வாங்க'ன்னு சொல்லிவிட்டிருக்காவ. நான் போனா உள்ள விடமாட்டாவளாம்."

உன்னையத்தான் கேட்டிருக்காவ. ஊரைவிட்டு வருவதற்கு முன், அதே போன்ற பெரிய வீடுகளின் வயலில் என் அம்மா களை பறித்துக் கூலிக்குக் காத்து நின்றிருக்கிறாள்.

"கால் மணி நேரம் பொறுங்க. முடி காய்ஞ்சதும்..."

"செத்தவ பொறுக்க மாட்டா. மத்தியானம் தூக்கிருவாவ. உங்க அம்மை நாளைக்கும் இருப்பா. என்ன மதினி, நான் சொல்லுதது?"

அம்மா தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து ஈர முடியைத் தட்டியபடியே, "போயிட்டு வாட்டி. கார்லாம் வந்திருக்கு. அதுக்குள்ள முடியும் காய்ஞ்சிரும்" என்றாள். அவளுக்கும் பெருமையாகத்தான் இருந்தது. தெருவே வாசலில் நின்றது.

போனேன். யாரும் என்னைப் பிடித்து இழுத்துப் போகவில்லை. காரின் முன்சீட்டில் கேமராவை மடியில் வைத்துக்கொண்டு, தெருவில் நின்றவர்களைப் பார்த்தபடி போனேன்.

அந்த வீட்டில் சொந்தக்காரர்கள் வந்து சேரத் தாமதமானது. இரண்டு பிளேட் எடுத்துவிட்டுத் திரும்பும்போது வெயில் சாய்ந்துவிட்டது. ஆனாலும் இருந்தது. வேலியோரத்தில், காலையில் நான் கல்லை வைத்து அடையாளம் செய்த அதே இடத்தில், அம்மா கல்யாணச் சேலையில் நின்றுகொண்டிருந்தாள். தலையில் பிச்சிப் பூ. நிற்க முடியாமல் வேலிக் கம்பைப் பிடித்திருந்தாள்.

நான் முக்காலியை விரித்தேன்.

"ஏட்டி!" என்று அத்தை உள்ளேயிருந்து கத்திக்கொண்டு வந்தாள். "இழவு வீட்டுப் பொட்டியத் தூக்கிக்கிட்டு நேரா வந்து பெத்தவ முன்னால நிக்கியே, அறிவிருக்கா? வெள்ளிக்கிழமையும் அதுவுமா! போ, மொதல்ல தலைமுழுகு. பொட்டிக்கும் தண்ணி தெளி."

"வெளிச்சம் போயிரும் அத்தை."

"போனாப் போவுது. நாளைக்கு வராமலா போயிரும்?"

அம்மாவைப் பார்த்தேன். அவள், "குளிச்சிட்டு வந்திரு மக்கா" என்றாள். அவளுக்கும் மனதில் அந்தப் பயம் இருந்தது. இல்லாத பெண் எங்கள் பக்கத்தில் யார்?

கிணற்றில் வாளி நாலு தடவை இறங்கினால்தான் ஒரு குடம் தேறும். நான் தலையில் ஊற்றிக்கொண்டு ஈரச் சேலையோடு ஓடி வந்தபோது வெயில் வேப்ப மரத்து உச்சிக்கு ஏறிவிட்டிருந்தது. கறுப்புத் துணிக்குள் பார்த்தேன். மங்கல் கண்ணாடியில் ஒன்றும் தெரியவில்லை. பூவின் வெள்ளை மட்டும் தெரிந்தது.

"சரி, நாளைக்கு" என்று அம்மா சேலையை மடிக்கப் போனாள்.

மறுநாள் காய்ச்சல். அதற்கு மறுநாள் இருமலோடு ரத்தம் வந்தது. ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, நெஞ்சு இரண்டு பக்கமும் அரித்துவிட்டது, பல மாதமாகவே இருந்திருக்கும் என்றார்கள். பல மாதமாக எங்கள் வீட்டில் எல்லோரும்தான் இருமிக்கொண்டிருந்தோம். படுக்கையில் கிடந்தவளிடம் ஒருதடவை கேட்டேன். "இந்த மூஞ்சியவா? தேறட்டும், எடுப்ப" என்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். தை மாதக் கடைசியில் போய்விட்டாள்.

அப்பா அன்று அழவில்லை. பந்தல் கால் நடுகிற இடத்தைப் பார்த்துக்கொண்டே என்னிடம் வந்து, "நாக்காலி கொண்டு வரலியா மக்கா?" என்று கேட்டார்.

"நாக்காலி வேண்டாம்ப்பா. அம்மைக்குப் பிடிக்காது."

"படம் எடுக்கணும்லா. ஊர்ல எல்லார் பொண்டாட்டிக்கும் நீ எடுத்திருக்க."

எடுத்தேன். பாயில் படுத்தபடியே, தலையை நிமிர்த்தாமல், எப்படி இருந்தாளோ அப்படி. மூடியைக் கழற்றி ஐந்து எண்ணினேன். பழகிய கை. பிளேட்டில் எல்லாம் தெளிவாக விழுந்தது. அவள் அசையவில்லை.

பதினாறாம் நாள் கழிந்ததும் அப்பா ஸ்டூடியோவுக்கே வந்தார். மூட்டை தூக்குகிற துண்டைக் கையில் சுருட்டிக்கொண்டு வாசலில் நின்றார். "கண்ணை மட்டும் திறந்து வச்சிரு மக்கா. நீ நல்லாத் திறக்கேன்னு சொல்லுதாவ."

பிரிண்டை மேசையில் வைத்துப் பிரஷ்ஷை நனைத்தேன். எனக்குச் சரியாக எழுதத் தெரிந்தது அந்த ஒரு ஜோடிக் கண்கள்தான். முப்பது தடவைக்கு மேல் எழுதிப் பழகியிருக்கிறேன். இடது இமை கொஞ்சம் கனமாக, வலது கண் சற்றே அகலமாக. கண்ணை மூடிக்கொண்டுகூட எழுதுவேன். ஆனால் எழுதினால், அவளும் அந்த முப்பது பேரில் ஒருத்தியாகிவிடுவாள் என்று தோன்றியது. யாரோ ஒரு செத்தவள்மேல் என் கை பழக்கத்தில் ஒட்டிவைத்த கண்கள். பிரஷ்ஷைக் கழுவி வைத்தேன்.

மூடிய கண்களோடு படத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அப்பா வாங்கிப் பார்த்துவிட்டுக் கல்யாணச் சேலையின் மடிப்புக்குள் வைத்துப் பெட்டியை மூடினார். இன்றுவரை மாட்டவில்லை. எட்டு நாள் என்னோடு பேசவுமில்லை. அவரோடு எனக்கு அதில் சண்டையில்லை. அவருக்கு ஒரு சின்ன ஆசை இருந்தது. அதை என்னால் செய்து தர முடிந்திருந்தும் செய்யவில்லை. அது சரியா என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை.

அத்தை ஒருநாள் அப்பா இல்லாத நேரத்தில் பெட்டியைத் திறந்து படத்தைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். நான் உள்ளே வந்ததைப் பார்த்து, "அன்னைக்கு நான் குளிக்கச் சொல்லியிருக்க வேண்டாம்" என்றாள். அவள் சொல்லியிருக்காவிட்டாலும் நான் குளித்திருப்பேன். அந்தக் காரில் ஏறாமல் இருந்திருக்க வேண்டியவள் நான்தான்.

இதுதான் என் ஒரு வருஷம். முப்பத்தைந்து பிளேட்டுகளையும் பார்த்து முடித்தபின், பள்ளிக்கூடத்து நோட்டில் மிச்சமிருந்த தாளில், வரும் வருஷத்துக்கு என்று சில வரிகள் எழுதினேன். உயிரோடு பார்த்திராத யாருக்கும் இனிக் கண் திறப்பதில்லை. இழவு வீட்டுக்குப் போவேன்; போகாவிட்டால் அந்தப் பெண்களுக்கு அந்த ஒரு படமும் கிடையாது. ஆனால் தலையை நிமிர்த்துவதற்கு முன்னால் மகளிடம், அம்மா எப்படிப் பார்ப்பாள் என்று கேட்பேன். வாரத்தில் ஒருநாள் உயிருள்ள பெண்களுக்கு. அவர்கள் ஸ்டூடியோவுக்கு வரமாட்டார்கள் என்றால் நான் அவர்கள் களத்துக்கும் கிணற்றடிக்கும் போவேன். நாற்காலி வராது.

எழுதியதை அண்ணாச்சியிடம் படித்துக் காட்டினேன். வெள்ளிக்கிழமை வெளியே தூக்கிப் போகிற கேமரா என்னுடையது, அன்று எந்த இழவுக்கும் வரமாட்டேன் என்றேன்.

"வெள்ளிக்கிழமை எவளும் சாகக் கூடாதுன்னு தண்டோரா போடவா?" என்றார்.

"நீங்க ஸ்டூடியோக் கேமராவை எடுத்துக்கிட்டுப் போங்க."

"உள்ள விடமாட்டாவளே!"

"வாசல்ல நின்னு அஞ்சு எண்ணுங்க. உள்ள யாராவது ஒரு பொம்பளை மூடியைக் கழத்துவா. நான் அப்படித்தான் கத்துக்கிட்டேன்."

இந்த வேலைக்கு வேறு பெண் கிடைக்கமாட்டாள் என்று அவருக்குத் தெரியும். முணுமுணுத்துக்கொண்டே சரி என்றார்.

நேற்று வெள்ளிக்கிழமை. காலை முதல் பஸ்ஸில் குருவிகுளத்துப் பக்கம் போனேன். இறங்கி, முக்காலியைத் தோளிலும் பெட்டியைக் கையிலுமாகக் கரிசலில் நடந்தேன். வழியில் எங்கள் நிலம் வந்தது, உடைமரம் முளைத்துக் கிடந்தது, நிற்காமல் போனேன். அந்த ஆட்டுக்காரப் பெண் ஆட்டுக்கிடைக்குப் பக்கத்தில் குட்டிக்குத் தழை ஒடித்துப் போட்டுக்கொண்டிருந்தாள். என்னையும் பெட்டியையும் பார்த்ததும் அரிவாளைக் கீழே போட்டாள்.

"யாரு? யாருக்கு என்ன ஆச்சு?"

"ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆகல. உங்களைப் படம் எடுக்க வந்திருக்கேன்."

"நான் செத்தா போனேன்?"

"அதான் வந்திருக்கேன்."

அவள் என்னையே பார்த்தாள். என் அம்மா போன சேதி அவளுக்குத் தெரிந்திருக்கும் போல. முகத்தைச் சேலையால் துடைத்துக்கொண்டு, "குட்டியோட நிக்கலாமா?" என்றாள்.

"அது அசையும்."

"நானும் அசைவேன். மூச்சு இருக்குல்லா."

நின்றாள். மூடியைக் கழற்றி எண்ணினேன். மூன்றாவது எண்ணில் குட்டி துள்ளியது, அவள் சிரித்துவிட்டாள். அவளை அறியாமல் தலை ஒரு பக்கமாகச் சாய்ந்தது, அவள் அம்மா பார்ப்பது போல. எண்ணி முடிக்கும்வரை அவள் ஓரிடத்தில் நிற்கவில்லை.

இன்று காலை அந்தப் பிளேட்டைக் கழுவினேன். குட்டி இருந்த இடத்தில் ஒரு புகைதான் இருக்கிறது. அவள் தோளும் கையும் கலங்கியிருக்கின்றன. வாய் எங்கே என்று தெரியவில்லை. கண்கள் இரண்டும் இருக்கின்றன. பிளேட்டை மேற்கு ஜன்னலில் சாய்த்துக் காயவைத்துவிட்டு, அடுத்த வெள்ளிக்கிழமைக்கு மேலநீலிதநல்லூர் பஸ் எத்தனை மணிக்கு என்று விசாரித்துக்கொண்டு வந்தேன்.